எச்ஆர்னு ஒரு ஃபோல்டர்

அந்த ஜன்னலக் கொஞ்சம் தள்ளி விடுங்க. இல்ல வேண்டாம், காத்து மூஞ்சியில அடிக்குது. பாதி மட்டும். ஆங், அப்படியே இருக்கட்டும். நீங்க மதுரையில எறங்கிருவீங்களா, கோயமுத்தூர் வரைக்குமா? கோயமுத்தூருங்களா? நல்லதாப் போச்சு. இன்னிக்கு எனக்குத் தனியா உக்காந்து வர முடியாதுங்க. நாகர்கோயில்ல ஏறுனதுலருந்து மூணு சீட்டு மாறிட்டேன். கண்டக்டர் ஒரு மாதிரி பாக்கறாரு.

நாச்சிமுத்துங்க. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில எச்.ஆர். மேனேஜர். மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியாதுங்க, எனக்கே தெரியும். இருபத்திரண்டு வருசம் பீளமேட்டுல ஒரு மில்லுல லேபர் ஆபீசரா இருந்தவன். மில்ல மூடுனதுக்கப்பறம் ரங்கதுரைங்கறவரு கூப்பிட்டாரு. அவருதான் இப்ப என் முதலாளி. "ஆளுகளைக் கட்டி மேய்க்க ஆள் வேணுங்க, கம்ப்யூட்டர் தெரியணும்னு ஒண்ணும் இல்லே"ன்னாரு. வந்து ஆறு வருசம் ஆச்சு.

மில்லுல எண்ணூறு பேருங்க. மெமோ, விசாரணை, சஸ்பென்சன், எல்லாம் நான்தான். ஒரு கேஸ் லேபர் கோர்ட்டுல எனக்கு எதிராப் போனதில்ல. ஏன்னு கேளுங்க. கேக்காம ஒருத்தனையும் நான் தண்டிச்சதில்லீங்க. மொதல்ல கேக்கணும். முறைப்படி கேக்கணும். அது என்ற கொள்கை.

இந்தப் புள்ளையையும் கேட்டனுங்க. அதைத்தான் சொல்ல வர்றேன். கேக்காம ஒண்ணும் பண்ணல.

எந்தப் புள்ளையா? ஜெசிந்தா. இருங்க, மொதல்லருந்து சொல்றேன்.

போன ஐப்பசி மாசம் எங்க ஆபீசுல ஒரு விசயம் வெளிய கசிஞ்சு போச்சுங்க. வருசத்துக்கு ஒருக்கா ஒவ்வொருத்தனைப் பத்தியும் மேலதிகாரி ரகசியமா எழுதிக் குடுப்பான். அப்ரைசல்னு பேரு. 'பேச்சு அதிகம் வேலை கம்மி', 'இவருக்குப் பொறுப்புக் குடுக்கறது ஆபத்து' இப்படியெல்லாம் எழுதியிருப்பாங்க. அது கேன்டீன்ல பேச்சாகிப் போச்சு. "என்னடா ஆபத்து, டீ சொல்லட்டுமா?"ன்னு ஒருத்தன ஒருத்தன் கேலி பண்றான். அந்தக் காகிதமெல்லாம் என்ற பொறுப்பு. ரங்கதுரை கூப்பிட்டு, "எப்படி நாச்சிமுத்து வெளிய போச்சு?"ன்னாரு. எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல.

எங்க ஆபீசுல லோகுன்னு ஒரு தம்பி. கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் சாவி அவன் கையிலதான். அவனைக் கூப்பிட்டேன். "தம்பி, போன மாசம் எச்.ஆர். ஃபோல்டரை யாரார் தொறந்தாங்கன்னு ஒரு லிஸ்ட் எடு"ன்னேன். அவன் தேடுன்னா தேடுவான், எதுக்குன்னு கேக்க மாட்டான். சாயங்காலம் லிஸ்ட் வந்துச்சு. ஒரே பேரு. ஜெசிந்தா, எச்ஆர். ஜெசிந்தா, எச்ஆர். முந்நூத்திப் பன்னெண்டு தடவ. ஒரே மாசத்துல! சில வரியில எச்ஆர்-எச்ஆர்னு ரெண்டு தடவ வேற இருந்துச்சு. உள்ளுக்குள்ள இன்னொரு ரகசிய ஃபோல்டர் வரைக்கும் போயிருக்குதுன்னு நெனச்சேன்.

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க. சரி, இருங்க, முடிச்சர்றேன்.

அந்தப் புள்ள வந்து ரெண்டு வருசம். டெஸ்டிங்குல இருந்துச்சு. சத்தமே வராது. குளச்சல் பக்கம் ஒரு கடலோர ஊரு, அட்ரஸ் எல்லாம் ஃபைல்ல என்ற கையெழுத்துலதான் இருக்கு. எங்களுக்குக் குரோஷியான்னு ஒரு நாட்டுல ஒரு ஆர்டர் இருந்துச்சுங்க. ரத்தம் டெஸ்ட் பண்ற மிஷினுக்கு உள்ளாற ஓடற சாஃப்ட்வேர். அதை அந்த நாட்டு மொழியில, அந்த நாட்டு வழக்கத்துல மாத்திக் குடுக்கணும். அங்க வெஸ்னான்னு ஒரு அம்மா. அவங்கதான் மொழி பெயர்ப்பாங்க. இங்க அதைச் சரி பாத்து மிஷினுக்குள்ள போடறது ஜெசிந்தா. அந்த வேலையப் பத்தி எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாதுங்க. தெரிய வேண்டிய அவசியமும் இல்ல. நான் ஆளைப் பாக்கறவன், வேலையப் பாக்கறவன் இல்ல.

டிசம்பர் ஏழாந்தேதி. வியாழக்கிழமை. பதினொண்ணே முக்கால் மணிக்கு மீட்டிங் ரூமுக்கு வரச் சொன்னேன். லோகு குறிப்பு எழுதறதுக்கு ஒரு ஓரமா உக்காந்திருந்தான். புள்ள உள்ள வந்துச்சு. "கதவச் சாத்து லோகு"ன்னேன். அவன் சாத்தறான், அந்தப் புள்ள கதவையே பாக்குது. மூஞ்சியில ரத்தமே இல்ல. தப்புப் பண்ணவங்க மூஞ்சி அப்படித்தான் இருக்கும்னு என் அனுபவம். உக்காருன்னேன், உக்காரல. நாற்காலி முதுகப் புடிச்சுட்டு நின்னுச்சு.

"சொல்லிருங்க சார்"னுச்சு.

"நான் எதைச் சொல்றது? நான் கேக்கணும், நீதான் சொல்லணும்."

"பரவால்ல சார். சொல்லிருங்க."

என்ன திமிரு பாருங்கன்னு நெனச்சேன். கண்ணாடியப் போட்டுட்டுப் படிச்சேன். "போன மாசம் முந்நூத்திப் பன்னெண்டு தடவ நீ எச்.ஆர். ஃபோல்டரைத் தொறந்திருக்கே. இதுக்கு என்ன பதில்?"

அது என்னையப் பாத்துச்சு. லோகுவப் பாத்துச்சு. "ஃபோல்டரா சார்?"

"ஃபோல்டர்தான்."

"அதுக்கா சார் கூப்பிட்டிய? வேற ஒண்ணும் இல்லியே? போன் ஒண்ணும் வரலியே?"

"இது பத்தாதா உனக்கு?"ன்னேன்.

சிரிச்சுதுங்க.

சும்மா இல்லீங்க. சத்தம் போட்டு. நாற்காலியில தொப்புனு உக்காந்து, மூஞ்சிய ரெண்டு கையிலயும் மூடிட்டு, தோளு குலுங்கக் குலுங்க. கண்ணுல தண்ணி வந்துருச்சு. நிறுத்தப் பாக்குது, மறுபடி வருது. ஒண்ணரை நிமிசம். நான் கடியாரத்தப் பாத்துக் குறிச்சு வெச்சேன். இருபத்தெட்டு வருசச் சர்வீசுல, விசாரணையில ஒருத்தரும் என் முன்னால சிரிச்சதில்லீங்க. அழுதிருக்காங்க. கால்ல விழுந்திருக்காங்க. ஒருத்தன் மேசையக் கவுத்தான். சிரிச்சதில்ல. அதும் லோகு முன்னால.

அப்பறம் தண்ணி குடிச்சுட்டுச் சொல்லுச்சு. "சார், அது உங்க எச்ஆர் இல்ல சார். குரோஷியன் சார்."

"என்னது?"

"மொழியோட அடையாளம் சார். அவங்க மொழிய அவங்க குரோஷியன்னு சொல்ல மாட்டாங்க. ஹ்ர்வாட்ஸ்கின்னு சொல்லுவாங்க. அதான் சுருக்கமா எச்ஆர். நாட்டுக்கும் அதேதான். மொத எச்ஆர் மொழி, ரெண்டாவது எச்ஆர் நாடு."

"எதுக்கு ரெண்டு தடவ?"

"ஒரே மொழி ரெண்டு நாட்டுல இருக்கும்லா சார். பக்கத்துல போஸ்னியாவுலயும் குரோஷியன் பேசுறவங்க இருக்காங்க. அவங்களுக்கு எச்ஆர்-பிஏ."

"எச்.ஆர். பி.ஏ.வா? நான் எம்.ஏ."ன்னேன்.

லோகு இருமுனான். எனக்குத் தெரியாதுங்களா, அது இருமல் இல்லேன்னு.

இப்பச் சிரிக்கறீங்களே. சிரிங்க, சிரிங்க. அன்னிக்கு எனக்கு எப்படி இருந்திருக்கும்?

சாயங்காலமே லோகு வந்து பொறுமையா வெளக்குனான். அது நெசந்தான். உலகத்துல எல்லா மொழிக்கும் இப்படி ரெண்டெழுத்து, நாட்டுக்கு ரெண்டெழுத்து. நம்மளுக்கு டிஏ, அப்பறம் ஐஎன். சிலோன்ல இருக்கற தமிழுக்கு டிஏ, எல்கே. அந்த ஃபோல்டர்ல இருந்ததெல்லாம் குரோஷியாக்காரங்க வழக்கம். அவங்க தேதி எழுதுனா வருசத்துக்குப் பின்னாலயும் ஒரு புள்ளி வெப்பாங்களாம். நாம அஞ்சு புள்ளி ஆறுன்னு எழுதற எடத்துல அவங்க அஞ்சு, கமா, ஆறு. ஒரு சாம்பிள்னா ஒரு வார்த்தை, ரெண்டுலருந்து நாலு வரைக்கும் வேற வார்த்தை, அஞ்சுக்கு மேல இன்னொரு வார்த்தை. நம்ம ல, ள, ழ மாதிரி அவங்களுக்கும் சில எழுத்து, கொம்பு வெச்சு. இதையெல்லாம் அந்தப் புள்ள வெஸ்னாம்மாகிட்டக் கேட்டுக் கேட்டு ஒவ்வொண்ணாப் போட்டிருக்குது. அதுக்குத்தான் முந்நூத்திப் பன்னெண்டு தடவ.

சரி. என் சந்தேகம் தப்பு. ஒத்துக்கறேன். அந்த அப்ரைசல் காகிதம்கூட, அது அப்பறமாத்தான் தெரிஞ்சுது, ஜெராக்ஸ் மிஷின்ல நானே ஒரு காப்பிய எடுக்க மறந்து வந்திருக்கேன். அது வேற விசயம்ங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

ஆனா சிரிச்சது? ஃபோல்டர் குத்தம் இல்லேன்னு ஆயிருச்சு, சரி. விசாரணை அதிகாரி முன்னால ஒண்ணரை நிமிசம் சிரிச்சது குத்தந்தானுங்களே? மறுநாள் காலையில அதுக்குத் தனியா ஒரு மெமோ குடுத்தேன். கேட்டனுங்க. கேக்காம இல்ல. "விசாரணையின்போது நீங்கள் சிரித்தீர்களா? ஆம் அல்லது இல்லை என்று பதிலளிக்கவும்." ஆம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுச்சு.

ஏன் சிரிச்சுதுன்னு கேட்டீங்களான்னா கேக்கறீங்க? விசாரணையில அப்படியெல்லாம் கேக்கக் கூடாதுங்க. ஏன்னு கேட்டா கதை சொல்லுவாங்க. ஆமா, இல்லேன்னு வர்ற மாதிரிதான் கேள்வி இருக்கணும். மில்லுல எனக்குச் சொல்லிக் குடுத்தது அது.

இந்தத் தண்ணி பாட்டில் உங்களுதுங்களா? ஒரு வாய் குடிச்சுக்கறேன். வாயெல்லாம் வறண்டு போச்சு.

இன்னொண்ணு நடந்துதுங்க. அந்தப் புள்ள அன்னிக்கே லீவு கேட்டுச்சு, ஒரு வாரம். காரணம்னு போட்ட எடத்துல 'சொந்த வேலை'. விசாரணை நடந்துட்டு இருக்கறப்ப லீவு குடுக்கறதில்ல, அது எழுதியே இருக்கற ரூல். நான் மறுத்துட்டேன். என் ரூம் வாசல்ல அரை மணி நேரம் நின்னுச்சு. நான் போன்ல இருந்தேன். முக்கியமான போனான்னு கேக்காதீங்க, போன்ல இருந்தேன். அப்பறம் பாத்தா ஆளு இல்ல. மக்கா நாள் காலையில வந்து பாத்தா சீட்டு காலி. மேசை மேல ஐடி கார்டு, அதுக்கடியில ராஜினாமா, ரெண்டே வரி.

நான் என்ன பண்ணேன்? 'முறையான அறிவிப்பின்றிப் பணியை விட்டு விலகியவர்'னு ஃபைல்ல எழுதி மூடிட்டேன். ரிலீவிங் ஆர்டர் குடுக்கல. அது இல்லாம வேற கம்பெனியில சேர முடியாது. தெரியும். தெரிஞ்சுதான் குடுக்கல. வந்து ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்தா குடுத்திருப்பேன். ஒரு வரி. 'சிரித்ததற்கு வருந்துகிறேன்.' அவ்வளவுதான் நான் எதிர்பாத்தது.

இன்னொண்ணு மறந்துட்டேன். ஏழாந்தேதி மத்தியானமே லோகுவுக்கு ஒரு மெயில், ஆபீசுல எல்லாருக்கும் காப்பி வெச்சுப் போட்டிருந்தேன். எச்ஆர் ஃபோல்டரைப் பூட்டு, என் உத்தரவில்லாம தொறக்கக் கூடாதுன்னு. சாயங்காலம் விசயம் தெரிஞ்சதும் தொறக்கச் சொல்லியிருக்கலாம். ஆனா அதுக்கு மொத மெயில் தப்புன்னு இன்னொரு மெயில் போடணும். அது எல்லாருக்கும் போகும். விசாரணை முடியட்டும்னு விட்டுட்டேன். விசாரணை முடியறதுக்குள்ள ஆளு போயிருச்சு. ஃபோல்டர் அப்படியே பூட்டிக் கெடந்துச்சு. யாரும் வந்து கேக்கல. கேட்டிருந்தா தொறந்திருப்பேன்.

தை மாசம் மிஷின் எல்லாம் குரோஷியாவுக்குப் போச்சு. மாசி மாசம் ஒரு நாள் ரங்கதுரை கூப்பிட்டாரு. ரூமுக்குள்ள போனா பெரிய திரையில ஒரு அம்மா. நரைச்ச தலை, கழுத்துல ஒரு துண்டு சுத்தியிருந்தாங்க. பின்னால ஜன்னல், ஜன்னலுக்கு வெளிய கடலு. வெஸ்னா. கோவமாப் பேசுனாங்க, ஆனா சத்தம் போடல. ஒவ்வொரு வார்த்தையா வெச்சு வெச்சுப் பேசுனாங்க. ரங்கதுரைதான் எனக்கு எடுத்துச் சொன்னாரு.

அங்க ஒரு சின்ன ஊரு ஆஸ்பத்திரியில ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருத்தர். சர்க்கரை பாத்திருக்காங்க. அவங்க கணக்குல அஞ்சு கமா ஆறு, நம்ம கணக்குல நூறு. நல்ல ஆரோக்கியம்ங்க அது. எங்க மிஷின் அம்பத்தாறுன்னு காட்டியிருக்கு. வார்த்தையெல்லாம் குரோஷியன்லதான் இருந்துச்சு, அது வேற எடத்துல இருந்துதாம். ஆனா எண்ணு, தேதி எப்படிப் படிக்கணும்ங்கற விதியெல்லாம் அந்தப் பூட்டுன ஃபோல்டருக்குள்ள. அது கெடைக்காதப்ப சாஃப்ட்வேர் தானா அமெரிக்கா வழக்கத்துக்குப் போயிருமாம். அமெரிக்காவுல கமா இருந்தா அதைத் தூக்கிப் போட்டுட்டு எண்ணைச் சேத்துப் படிக்கும். அஞ்சும் ஆறும் சேந்து அம்பத்தாறு. அவங்க கணக்குல அம்பத்தாறுன்னா நம்ம கணக்குல ஆயிரம், மனுசன் பொழைக்கறதே கஷ்டம். சர்க்கரையக் கொறைக்க ஊசியில இன்சுலின் நெரப்பியாச்சு. நர்ஸ் கையில ஊசியோட போறாங்க, அந்த வாத்தியார் கட்டில்ல உக்காந்து ரொட்டியக் கடிச்சுட்டு, வேர்க்காம, மயங்காம, பேப்பர்ல குறுக்கெழுத்துப் போட்டுட்டு இருக்காரு. அதைப் பாத்து நர்ஸ் நின்னிருக்காங்க. இன்னொருக்கா டெஸ்ட் பண்ணலாம்னு திரும்பிப் போயிருக்காங்க.

நின்னாங்க, பொழைச்சாரு. நிக்கலேன்னா?

சாஃப்ட்வேர் தானா வேற நாட்டுக்குப் போயிரும்னு எனக்கு யாருங்க சொன்னா?

அந்தம்மா கடைசியா ஒண்ணு கேட்டாங்க. "யெசிந்தா எங்கே?" நான் சட்டுனு, "எங்க கம்பெனியில யெசிந்தான்னு யாரும் இல்லீங்க"ன்னேன். ரங்கதுரை என்னைத் திரும்பிப் பாத்தாரு பாருங்க ஒரு பார்வை. அவங்க பாசையில ஜெங்கற எழுத்தை யென்னு படிப்பாங்களாம். எங்க ஆபீசுலருந்து தெனமும் அவங்களுக்கு எழுதுனது அந்தப் புள்ள ஒண்ணுதான். டிசம்பர் ஏழுக்கப்பறம் எங்க ஆபீசுலருந்து ஒரு கேள்விகூட வரலேன்னு அந்தம்மா சொன்னாங்க. கேள்வியே வராத வேலையில நான் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க. பதினேழு ஆஸ்பத்திரியில மிஷின நிறுத்திட்டாங்க. அந்த ஆர்டரை நம்பி எங்க ஆபீசுல பதினாலு பேரு.

திரை அணைஞ்சதும் ரங்கதுரை சொன்னாரு. "அந்தப் பொண்ணு வந்தாத்தான் அவங்க திரும்பிப் பேசுவாங்க. நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. தனியா வர்றதா இருந்தா ஆபீசுக்கு வர வேண்டாம்." கத்தலீங்க. தண்ணி குடிச்சுட்டே சொன்னாரு.

அப்படித்தான் நேத்து வந்தேன். பையில ரெண்டு காகிதம். ஒண்ணு அப்பாயின்மென்ட் ஆர்டர், முன்ன இருந்ததவிடப் பெரிய வேலை, ரங்கதுரை கையெழுத்தோட. இன்னொண்ணு நானா டைப் பண்ணது. மன்னிப்புக் கடிதம்.

இல்லீங்க, நான் கேக்கற மன்னிப்பு இல்ல. அது கேக்கற மன்னிப்பு.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? ஃபைல் தொறந்து கெடக்குதுங்க. பழைய விசாரணை முடியாம புது ஆர்டர் எப்படிக் குடுக்கறது? முறைன்னு ஒண்ணு இருக்குதுல்ல? இது முதலாளிக்குத் தெரியாது. என் அளவுல முடிச்சுக்கலாம்னு கொண்டு போனேன்.

நேத்து நாகர்கோயில்ல ரூம் போட்டுத் தங்கிட்டு, காலையில எட்டு மணிக்கு அங்க போயிட்டேன். சின்ன வீடு. வாசல் வரைக்கும் மணலு. ஜெசிந்தா வெளிய வந்து, ஒரு நிமிசம் அடையாளம் தெரியாத மாதிரி நின்னுச்சு. அப்பறம், "சார், உள்ள வாங்க"ன்னுச்சு. முன் ரூம்ல ஒரு மேசை, லேப்டாப், நோட்டு பூரா எழுதி எழுதி வெச்சிருந்துச்சு. கொம்பு வெச்ச எழுத்து. "வேற வேலை கெடைச்சுதாம்மிணி?"ன்னேன். "ரிலீவிங் ஆர்டர் இல்லாம யாரும் எடுக்கல சார். இப்பதான் வெஸ்னா சேச்சி என்னைத் தேடிப் புடிச்சு, அவங்களுக்கு வர்ற வேலையில பாதிய எனக்கு அனுப்புதாங்க. வீட்டுல இருந்தே செய்யிதேன்"னுச்சு. வருத்தமாச் சொல்லல. சந்தோசமாவும் சொல்லல.

நான் ஆர்டரை எடுத்து வெச்சேன். ஒரு தடவ படிச்சுட்டு, மடிச்சு, என் பக்கமாத் தள்ளி வெச்சுச்சு. "வேண்டாம் சார். அந்த மிஷினுல என்ன சரி பண்ணணுமோ வெஸ்னா சேச்சிக்கு எழுதிட்டேன். அவங்க உங்க ஆபீசுக்குச் சொல்லுவாங்க. ஃபோல்டரைத் தொறந்து விட்டியன்னா போதும், எல்லாம் உள்ளதான் இருக்கு. எனக்கு ரிலீவிங் ஆர்டர் மட்டும் தந்திருங்க."

"அதுக்கு இதுல ஒரு கையெழுத்து வேணும்"னு ரெண்டாவது காகிதத்த எடுத்தேன். படிச்சுச்சு. பேனா கேட்டுச்சு. போட்டுருச்சு! மூணு மாசமா நான் எதுக்குக் காத்திருந்தேனோ அது மூணு நொடியில முடிஞ்சுது. எனக்கு அப்படியே நெஞ்செல்லாம் லேசாயிருச்சுங்க. பொய் சொல்லக் கூடாது. ஜெயிச்ச மாதிரிதான் இருந்துச்சு.

அந்த நேரம் பாத்து அதோட அண்ணன் வந்தான். கிளீட்டஸ்னு பேரு. கையில ஒரு மீனு, இந்த நீளம். ஆபீசுலருந்து வந்திருக்காருன்னதும் அவனுக்கு அவ்வளவு சந்தோசம். "சாரே, இரிங்க. சாயா குடிக்காம போவப்பிடாது. இவ உங்க ஆபீசப் பத்திச் சொல்லிட்டே இருப்பா"ன்னான். நல்ல தமாசுக்காரன். பக்கத்துல உக்காந்து கதை சொல்ல ஆரம்பிச்சுட்டான்.

"புயல்ல நான் மாட்டுன கதை இவ சொல்லிருப்பாளே சாரே?"

நான் ஜெசிந்தாவப் பாத்தேன். அது அடுப்படிக்கு எந்திரிச்சுப் போயிருச்சு.

"நவம்பர் முப்பதாந்தேதி போனோம் சாரே, அஞ்சு பேரு. அன்னைக்கே காத்து. இன்ஜின் போச்சு, கயிறு போச்சு, தின்ன ஒண்ணும் இல்ல. மழைத்தண்ணிய தார்ப்பாயில புடிச்சுக் குடிச்சோம். எந்தத் திக்குன்னே தெரியாம கெடந்து, ஒம்பதாந்தேதி ஒரு கப்பல்காரன் கண்டான். அது வரைக்கும் ஊருல எங்களைச் செத்தாச்சுன்னு முடிவு பண்ணிட்டானுவ. பக்கத்து வீட்டுப் பயலுவ பேரு பாதி, செத்தவங்க லிஸ்ட்டுல வந்தாச்சு. எங்க அம்மைக்குச் சொல்லத் தைரியம் இல்ல, யாருக்காவது பாடி கெடைச்சா ஜெசிந்தா ஆபீசுக்குப் போன் பண்ணுவோம்னு ஃபாதர் சொல்லி வெச்சிருக்காரு. இவ பாவம், அந்த ஒம்பது நாளும் ஆபீசுல போன் அடிச்சா இவளுக்கு உசுரு போவுமாம்!" சொல்லிட்டுச் சிரிச்சான். உசுரோட வந்தவன் சிரிக்கற சிரிப்பு.

முப்பதுலருந்து ஒம்பது. நான் தேதியில தப்பு விடற ஆளில்லீங்க. ஏழாந்தேதி, வியாழக்கிழமை, பதினொண்ணே முக்கால். கதவச் சாத்துன்னு சொன்னது நானு.

சொல்லிருங்க சார்னுச்சே. பரவால்ல சொல்லிருங்கன்னுச்சே. போன் ஒண்ணும் வரலியேன்னு கேட்டுச்சே. லோகு அதையெல்லாம் குறிப்புல எழுதியே வெச்சிருக்கான், நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.

புயல்னு பேப்பர்ல தெனமும் வந்துட்டுத்தான் இருந்துச்சு. நானும் காலையில டீ குடிச்சுட்டே படிச்சேன். எத்தனை பேரைக் காணோம்னு வீட்டுல பேசிக்கிட்டோம். ஆனா லீவு ஃபாரத்துல எழுதியிருக்கலாம்ல? அண்ணன் கடல்ல போனான், காணோம்னு ஒரு வரி? எழுதியிருந்தா நான் என்ன ராட்சசனா? 'சொந்த வேலை'ன்னு எழுதுனா எனக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க.

இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

சாயா வந்துச்சு. குடிச்சேன். சூடு தெரியல. அந்த மன்னிப்புக் கடிதத்த எடுத்து, "இது வேண்டாம்மிணி, கிழிச்சுப் போட்டுரு"ன்னு நீட்டுனேன். "இல்ல சார், வெச்சுக்கிடுங்க. உங்களுக்கு ஃபைல் முடியணும்லா"ன்னுச்சு. குத்தலாச் சொல்லியிருந்தாக்கூடப் பரவால்லீங்க. நெசமாவே என் ஃபைலை நெனச்சுச் சொல்லுச்சு. வாசல் வரைக்கும் வந்து, பஸ்ஸுக்கு எந்தப் பக்கம் நிக்கணும்னு காமிச்சுச்சு. கிளீட்டஸ் மீனை பேப்பர்ல சுத்திக் குடுத்தான், ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள கெட்டுப் போயிரும்னு நான்தான் வாங்கல.

ரிலீவிங் ஆர்டர் திங்கக்கிழமை தபால்ல போயிரும்னு சொல்லிட்டு வந்தேன். அதைச் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லலீங்க. வாயத் தொறந்தேன், ஆனா பஸ் வந்துருச்சு. பஸ் வந்துச்சுன்னு நான் ஏறிட்டேன். அடுத்த பஸ் அரை மணி நேரத்துல இருந்திருக்கும்.

இருங்க, போன் அடிக்குது. ரங்கதுரை. காலையிலருந்து எட்டாவது தடவ. எடுக்கட்டுங்களா? எடுத்தர்றேன்.

அலோ. ஆமாங்க, பஸ்ஸுல இருக்கேன். பாத்தனுங்க. இல்லீங்க. வர்ல. இல்லீங்க, கோவம் ஒண்ணும் இல்ல அதுக்கு. வேற வேலை இருக்கு. சரி பண்ண வேண்டியதெல்லாம் வெஸ்னாம்மாகிட்டக் குடுத்திருக்குதாம், ஃபோல்டரை மட்டும் தொறக்கச் சொல்லுங்க. லோகுவுக்குத் தெரியும். ஆமாங்க, நான்தான் பூட்டச் சொன்னது. ஏன் வர மாட்டேங்குதுன்னா... தப்பு நம்ம மேலங்க. நம்ம மேலதான். அலோ? அலோ?

டவர் போயிருச்சு.

என்ன சொன்னேன் நான்? நீங்க பக்கத்துலதான இருந்தீங்க, கேட்டீங்களா? 'நம்ம மேல'ன்னு சொன்னேன். நம்மன்னா யாருங்க? ரங்கதுரை அந்த ரூமுலயே இல்ல. லோகு வாயே தொறக்கல. மெமோ அடிச்சது யாரு, லீவு மறுத்தது யாரு, போன் பேசற மாதிரி உள்ள உக்காந்திருந்தது யாரு? ஆமாங்க, போன்ல யாருமில்ல. சும்மா காதுல வெச்சுட்டு இருந்தேன்.

உங்க போன்ல டவர் இருக்குதுங்களா? ஒரு நிமிசம் குடுங்க. முதலாளி நெம்பர் எனக்கு மனப்பாடம். 'நம்ம'ங்கற அந்த ஒரே ஒரு வார்த்தைதான், அதை மாத்திச் சொல்லிப்போடறேன். இல்ல, அப்பறம் பண்ணா ஆறிப் போயிரும், நான் மறுபடி முறை பேச ஆரம்பிச்சுருவேன்.

குடுங்க. ஆங். ரிங் போகுதுங்க.